மருத்துவப் புத்தொழில் குழு தொடங்குமுன்: மதுரை வாசகிக்கு ஒரு வழக்கறிஞரின் பதில்

மதுரையிலிருந்து கடிதம் எழுதியிருக்கும் வாசகி, பயோமெடிக்கல் பொறியியல் படித்துவிட்டுப் பெங்களூரில் மருத்துவ உபகரண நிறுவனமொன்றில் பணியாற்றியவர். பெற்றோரின் உடல்நிலை காரணமாக ஊருக்குத் திரும்பியிருக்கிறார். அவரும், பொறியியல் கல்லூரி விரிவுரையாளர் ஒருவரும், அரசு மருத்துவர் ஒருவரும் சேர்ந்து மாதந்தோறும் நடத்தும் கூட்டத்துக்கு மாணவர்கள், செவிலியர்கள், மென்பொருள் துறையினர், மருந்துக்கடை உரிமையாளர்கள் என 60 பேர் வரை வருகிறார்கள். இதை ஒரு நிலையான அமைப்பாக்க விரும்புகிறார்கள். அறக்கட்டளையாகப் பதிவு செய்வது, 40 பேரிடம் ஆளுக்கு 1 லட்சம் ரூபாய் பெற்று அந்த நிதியை உறுப்பினர்களின் நிறுவனங்களில் முதலீடு செய்வது, மாட்டுத்தாவணிப் பக்கம் ஒரு தளத்தை வாடகைக்கு எடுப்பது, அரசு மருத்துவரின் பங்கை அவர் மனைவியின் பெயரில் எழுதுவது ஆகியவை அவர்களது திட்டம்.

இதற்கிடையே இரண்டு நிகழ்வுகள் அவரைக் கலங்க வைத்திருக்கின்றன. தனியார் மருத்துவமனை ஒன்று, ‘பெயரை நீக்கிவிட்டோம், சட்டச் சிக்கல் எதுவும் இல்லை’ என்று சொல்லி, ஆயிரக்கணக்கான மார்பு எக்ஸ்ரே படங்களை ஒரு ஹார்ட் டிஸ்க்கில் போட்டு மாணவர்களிடம் கொடுத்திருக்கிறது. மற்றொன்று, டிரிப்ஸ் பாட்டில் தீரும்போது ஒலி எழுப்பும் கருவியொன்றை ஒரு மாணவி கூட்டத்தில் இயக்கிக் காட்டினார். அந்தக் காணொளி யூடியூபில் ஏற்றப்பட்டது. இப்போது வேறு ஊர் நிறுவனம் ஒன்று அதே போன்ற கருவியை விற்கத் தயாராகிறது என்று கேள்விப்படுகிறார்கள். ‘எங்களைப் போன்ற நடுத்தர நகரத்தில் இதெல்லாம் சாத்தியமா, இல்லை சென்னைக்கோ பெங்களூருக்கோ போனால்தான் நடக்குமா?’ என்று கடிதத்தை முடித்திருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மதுரையில் இது நடக்கும். ஏற்கெனவே நடந்தும் இருக்கிறது. 1976 இல் மருத்துவர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, இறக்குமதி செய்யப்பட்ட கண்ணுள் பொருத்தும் லென்ஸின் விலை ஏழை நோயாளிக்கு எட்டாததாக இருந்த காலத்தில், 1992 இல் ஆரோலேப் என்ற உற்பத்திப் பிரிவை இதே ஊரில் நிறுவி, அந்த லென்ஸை மிகக் குறைந்த விலையில் செய்து காட்டியது. அங்கே லென்ஸ் தேவைப்பட்ட அறுவை மருத்துவரும் அதைச் செய்தவர்களும் ஒருவரையொருவர் அன்றாடம் அறிந்திருந்தார்கள், செய்த பொருளின் குறையை உடனே சொல்ல ஒரு மருத்துவமனை பக்கத்திலேயே இருந்தது என்பதே அந்த வெற்றியில் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பெரிய நகரங்களில் முதலீட்டாளர் எளிதில் கிடைப்பார். வார்டுக்குள் நின்று பார்க்கும் அனுமதி அவ்வளவு எளிதில் கிடைக்காது. உங்கள் ஊரில் மதுரைக்காரர்கள் ‘பெரியாஸ்பத்திரி’ என்றழைக்கும் அரசு இராசாசி மருத்துவமனை இருக்கிறது, 1954 முதல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது, தென்மாவட்டங்கள் பலவற்றிலிருந்தும் நோயாளிகள் வருகிறார்கள். அந்த மருத்துவமனைகளுக்கும் உங்கள் பொறியாளர்களுக்கும் இடையே சட்டப்படியான, எழுத்தில் உள்ள ஒரு வழியை உருவாக்குவதுதான் உங்கள் குழு செய்ய வேண்டிய முதல் வேலை என்பது என் உறுதியான கருத்து. உங்கள் திட்டத்தில் நிதியும் கட்டடமும் முதலிடத்தில் இருக்கின்றன. இந்த வழியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

ஹார்ட் டிஸ்க்கை என்ன செய்வது

இது காத்திருக்கக்கூடிய விஷயம் அல்ல என்பதால் இதிலிருந்தே தொடங்குகிறேன். பெயரை நீக்கிவிட்டால் ஆள் அடையாளம் போய்விட்டது என்ற எண்ணம் தவறானது. எக்ஸ்ரே கோப்பு ஒன்றைத் திறந்து பாருங்கள். படத்தோடு சேர்ந்து மறைவாக இருக்கும் தகவல் பகுதியில் பிறந்த தேதி, படம் எடுத்த நாளும் நேரமும், மருத்துவமனைப் பதிவு எண், அனுப்பிய மருத்துவரின் பெயர் ஆகியவை பெரும்பாலும் அப்படியே இருக்கும். பழைய இயந்திரங்களில் எடுத்த படமானால் நோயாளியின் பெயரும் வயதும் படத்தின் ஓரத்திலேயே எழுத்தாகப் பதிந்திருக்கும். கோப்பின் பெயரை மாற்றினாலும் அது போகாது. பதிவு எண் ஒன்று போதும், அந்த மருத்துவமனையில் வேலை செய்யும் எவராலும் அது யாருடைய நெஞ்சு என்று சொல்லிவிட முடியும்.

2023 ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒரு தகவலைக் கொண்டு ஒருவரை அடையாளம் காண முடியுமானால் அதைத் தனிநபர் தரவு என்றே கருதுகிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வர 18 மாத அவகாசம் தரப்பட்டிருக்கிறது. ‘அப்படியானால் அதுவரை தடையில்லையே’ என்று உங்கள் குழுவில் யாரேனும் சொல்லக்கூடும். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழான 2011 ஆம் ஆண்டு விதிகள் மருத்துவப் பதிவேடுகளை ஏற்கெனவே நுண்ணுணர்வுத் தரவாக, அதாவது கூடுதல் பாதுகாப்புக்குரிய தகவலாக, வகைப்படுத்தியிருக்கின்றன. நோயாளியின் இரகசியத்தைக் காக்கும் கடமை மருத்துவரின் தொழில்நெறி விதிகளிலும் இருக்கிறது. புதிய சட்டம் ஆராய்ச்சிக்குச் சில விலக்குகளைத் தருகிறது என்பது உண்மை. ஆனால் அந்த விலக்கு உரிய தரநிலைகளைப் பின்பற்றுகிறவர்களுக்குத்தான். ஹார்ட் டிஸ்க்கைக் கைமாற்றிக் கொள்கிறவர்களுக்கு அல்ல. பாதுகாப்புக் கடமையில் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம் என்பதையும் டிஸ்க்கைக் கொடுத்த மருத்துவமனை அறிந்திருக்க வேண்டும்.

எனவே அந்த டிஸ்க்கை யாரும் மேற்கொண்டு பயன்படுத்த வேண்டாம். பயந்துபோய் நீங்களே அழித்துவிடவும் வேண்டாம். பின்னாளில் கேள்வி எழுந்தால், எதையோ மறைத்ததாகப் பொருள் வரும். யார் யார் பிரதி எடுத்தார்கள் என்று கேட்டு ஒரு பட்டியல் தயாரியுங்கள். பிரதிகளை நீக்கிவிட்டதாக ஒவ்வொருவரிடமும் எழுதி வாங்கிக்கொண்டு, டிஸ்க்கை மருத்துவமனை நிர்வாகத்திடம் ஒரு கடிதத்துடன் திருப்பிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்குங்கள். பிறகு அதே மருத்துவமனையிடம் முறையான வழியில் கேளுங்கள். மனிதர்களையோ அவர்களது தரவுகளையோ சார்ந்த ஆராய்ச்சிக்கு நெறிமுறைக் குழுவின் பரிசீலனை தேவை என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகளின் அடிப்படை; செயற்கை நுண்ணறிவுக்கென்றே அக்கழகம் 2023 இல் தனி நெறிகளை வெளியிட்டிருக்கிறது. மருத்துவமனையில் பதிவு பெற்ற நெறிமுறைக் குழு இருக்கிறதா என்று விசாரியுங்கள். இல்லையென்றால், அத்தகைய குழு இருக்கும் வேறொரு நிறுவனத்தின் ஆசிரியர் ஒருவரை முதன்மை ஆய்வாளராகக் கொண்டு விண்ணப்பிக்கலாம். பழைய படங்களை முறையாக அடையாளம் நீக்கிப் பயன்படுத்தும் ஆய்வுகளில், ஒவ்வொரு நோயாளியிடமும் மீண்டும் ஒப்புதல் பெற வேண்டியதில்லை என்று குழுவே விலக்கு அளிப்பதும் உண்டு. அந்த முடிவை எடுக்கும் அதிகாரம் குழுவுக்குத்தான் உண்டு. மருத்துவமனை நிர்வாகிக்கும் அது கிடையாது, உங்களுக்கும் கிடையாது.

அட்மிஷன் படிவத்தின் அடியில் பொடி எழுத்தில், ‘என் விவரங்களை ஆராய்ச்சிக்குப் பயன்படுத்தச் சம்மதிக்கிறேன்’ என்று ஒரு வரி இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். நெஞ்சுவலியோடு வந்த தகப்பனைத் தாங்கிப் பிடித்தபடி மகன் போட்ட கையெழுத்தை, விவரம் அறிந்து தந்த ஒப்புதல் என்று நான் எந்த மன்றத்திலும் வாதிடத் துணியமாட்டேன்.

மாணவியின் கருவியும் காப்புரிமையும்

கருவி ‘திருடப்பட்டது’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல்லை வெளியில் பயன்படுத்தாதீர்கள். நிரூபிக்க முடியாவிட்டால் அவதூறு வழக்கு உங்கள் மேல் திரும்பும். பாட்டிலின் எடையை உணர்ந்து எச்சரிக்கும் கருவியைப் பல கல்லூரிகளில் பல மாணவர்கள் செய்திருக்கிறார்கள்; அந்த நிறுவனம் தானாகவே அந்த யோசனையை எட்டியிருக்கவும் கூடும்.

சட்டப்படி இங்கே தீர்மானிப்பது தேதிதான். பொதுவெளியில் காட்டுவதற்கு முன்பே மாணவி காப்புரிமைக்கு விண்ணப்பித்திருந்தால் கவலையில்லை. விண்ணப்பிக்காமல் யூடியூபில் ஏற்றியிருந்தால், காணொளியில் வெளிப்பட்ட அளவுக்கு அந்தக் கண்டுபிடிப்பு புதுமையை இழந்துவிட்டது. கண்டுபிடிப்பாளரே காட்டினால் 12 மாத சலுகை உண்டு என்று உங்கள் விரிவுரையாளர் நண்பர் சொல்வது, மத்திய அரசு அரசிதழில் அறிவித்த கண்காட்சிகளுக்கும் கற்றறிந்தோர் சங்கத்தில் வாசித்த கட்டுரை போன்ற சிலவற்றுக்கும் மட்டுமே பொருந்தும்; உங்கள் மாதாந்திரக் கூட்டம் அதில் சேராது. ஆனால் இதில் ஓர் ஆறுதலும் உண்டு. அதே காணொளி அந்த நிறுவனத்துக்கும் தடைதான். அவர்கள் அதற்குப் பிறகு காப்புரிமை கோரியிருந்தால், விண்ணப்பம் வெளியிடப்பட்ட பின், உரிமை வழங்கப்படும் முன், யார் வேண்டுமானாலும் எதிர்ப்புத் தெரிவிக்கலாம். காணொளியின் தேதியே உங்கள் சான்று. ஆகையால் அவசரப்பட்டு அதை நீக்கிவிடாதீர்கள். காணொளியில் காட்டாத மேம்பாடு ஏதேனும் மாணவியிடம் இருந்தால், அதற்குத் தனியாக இப்போதே விண்ணப்பிக்கலாம். தனிநபருக்கும் அங்கீகாரம் பெற்ற புத்தொழில் நிறுவனத்துக்கும் இணையவழி விண்ணப்பக் கட்டணம் 1,600 ரூபாய்தான். கண்டுபிடிப்பைப் பற்றிய தொடக்கநிலை விளக்கமான தற்காலிக விவரக்குறிப்பைத் தாக்கல் செய்துவிட்டு முழுமையானதை 12 மாதங்களுக்குள் தரலாம். அவர் கல்லூரியின் ஆய்வகத்தில் செய்தாரா, கல்லூரியில் அறிவுசார் சொத்துக் கொள்கை இருக்கிறதா என்பதை மட்டும் முதலில் பார்த்துவிடுங்கள்.

இனிவரும் கூட்டங்களுக்கு 60 பேரிடமும் இரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வாங்கலாம், ஆனால் மீறியவர் யார் என்று நிரூபிப்பது ஏறக்குறைய இயலாத காரியம். மேடையில் சிக்கலைப் பற்றி மட்டும் பேசுவது, கருவி உள்ளே எப்படி வேலை செய்கிறது என்பதை விண்ணப்பித்த பிறகே காட்டுவது என்ற ஒரே விதி இதைவிடப் பலன் தரும். சொல்லப்போனால் செவிலியர்கள் வந்து ‘இரவுப் பணியில் எங்களுக்கு இதுதான் தொல்லை’ என்று விரிவாகப் பேசும் கூட்டமே உங்கள் பொறியாளர்களுக்கு அதிகம் கற்றுக்கொடுக்கும். அதில் மறைக்க வேண்டியதும் ஒன்றும் இல்லை.

உரிமம் குறித்தும் ஒரு வார்த்தை. 2017 ஆம் ஆண்டின் மருத்துவ உபகரண விதிகள் உபகரணங்களை அபாயத்தின் அளவுக்கேற்ப ஏ, பி, சி, டி என நான்கு வகுப்புகளாகப் பிரிக்கின்றன. ஏ, பி வகுப்புகளுக்கான தயாரிப்பு உரிமத்தை மாநில அதிகாரியும், சி, டி வகுப்புகளுக்கு மத்திய அதிகாரியும் வழங்குகிறார்கள். 2020 ஏப்ரல் முதல் மருத்துவப் பயன்பாட்டுக்கான மென்பொருளும் இந்த வரையறைக்குள் வந்துவிட்டது. ஆகவே ‘நாங்கள் செய்வது வெறும் ஆப் தானே’ என்று யாரும் ஒதுங்க முடியாது. கருவியின் நோக்கமாக நீங்கள் என்ன எழுதுகிறீர்கள் என்பதைப் பொறுத்தே வகுப்பு அமையும். மாணவியின் கருவிக்கு ‘பாட்டில் தீரும் நிலையைச் செவிலியருக்கு நினைவூட்டுவது’ என்று எழுதுவது ஒன்று. ‘நோயாளியின் இரத்த நாளத்தில் காற்று புகாமல் தடுப்பது’ என்று எழுதுவது வேறொன்று. விற்பனைக்குக் கவர்ச்சியாக இருக்கட்டும் என்று சேர்க்கும் ஒரு சொற்றொடர், கருவியை மேல் வகுப்புக்குத் தள்ளி, செலவையும் காலத்தையும் பெருக்கிவிடும். சோதனைக்காகச் சிறு எண்ணிக்கையில் செய்யவும் தனியே சோதனை உரிமம் இருக்கிறது. உரிமமோ நெறிமுறைக் குழுவின் அனுமதியோ இல்லாமல், ‘நம்ம டாக்டர்தானே’ என்று நோயாளியின் படுக்கையருகே கருவியை மாட்டிப் பார்க்க அனுமதிக்காதீர்கள். உங்கள் குழுவை ஒரே நாளில் மூட வைக்கக்கூடிய தவறு அது.

நாற்பது லட்சம் ரூபாய்

இந்த யோசனையைக் கைவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். நண்பர்கள்தானே பணம் போடுகிறோம், இதில் அரசுக்கு என்ன என்று தோன்றுவது இயல்பு. ஆனால் பலரிடம் பணத்தைத் திரட்டி ஒரு பொதுத் தொகுப்பாக்கி, அதை வேறு நிறுவனங்களில் முதலீடு செய்து இலாபத்தைப் பகிர்வது என்றால், அது பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் 2012 ஆம் ஆண்டு மாற்று முதலீட்டு நிதி ஒழுங்குமுறைகளுக்குள் வரும். அங்கே பதிவு செய்யாமல் நடத்த முடியாது. இலாபம் உறுதி என்றோ போட்ட பணம் திரும்பக் கிடைக்கும் என்றோ வாட்ஸ்ஆப் குழுவில் ஒருவர் எழுதிவிட்டால், 2019 ஆம் ஆண்டின் ஒழுங்குபடுத்தப்படாத வைப்புத் திட்டங்கள் தடைச் சட்டமும் தமிழ்நாட்டின் 1997 ஆம் ஆண்டு முதலீட்டாளர் நலன் காக்கும் சட்டமும் குறுக்கே வரும். பின்னதன் கீழான வழக்குகளை விசாரிக்கும் சிறப்பு நீதிமன்றம் மதுரையிலேயே இருக்கிறது. நல்ல நோக்கத்தோடு தொடங்கியவர்களும் அதன் வாசலில் நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். அறக்கட்டளை வழியாகச் செய்தால் தப்பிக்கலாம் என்பதும் சரியல்ல. வரிவிலக்குப் பெற்ற அறக்கட்டளை தன் நிதியை எங்கே வைக்கலாம் என்பதைச் சட்டமே வரையறுத்திருக்கிறது. உறுப்பினரின் தனியார் நிறுவனப் பங்குகள் பொதுவாக அதில் இடம்பெறாது.

முதலீடு செய்ய விரும்பும் உறுப்பினர், தனக்குப் பிடித்த நிறுவனத்தில், தன் பெயரில், தன் வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாகப் பங்கு வாங்கட்டும். அதற்கு நிறுவனச் சட்டத்தில் தனிப்பட்ட ஒதுக்கீட்டு முறை இருக்கிறது. குழு இருவரையும் அறிமுகம் செய்து வைப்பதோடு நின்றுகொள்ளட்டும். தொடக்கக் கட்டத்துக்குப் பங்கு வாங்குபவரைவிட மானியமே மருத்துவத் துறைக்குப் பொருந்தும், ஏனென்றால் இங்கே வருமானம் வர நாளாகும். மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறையைச் சேர்ந்த பைராக் வழங்கும் பிக் மானியம் 50 லட்சம் ரூபாய் வரை தருகிறது. புத்தொழில்களுக்கு உதவும் தமிழ்நாடு அரசின் ஸ்டார்ட்அப் டிஎன் நிறுவனத்துக்கு மதுரையிலேயே வட்டார மையம் இருக்கிறது. தொடக்க நிதி தரும் அதன் டான்சீட் திட்டத்தையும் விசாரியுங்கள். இவற்றுக்கு விண்ணப்பம் எழுத உறுப்பினர்களுக்குக் கற்றுக்கொடுப்பது, 40 லட்சம் ரூபாயை நீங்களே கட்டிக்காப்பதைவிடப் பயனுள்ள சேவை.

அமைப்பின் வடிவத்தைப் பொறுத்தவரை, நிறுவனச் சட்டத்தின் கீழ் இலாப நோக்கமின்றிப் பதிவாகும் பிரிவு 8 நிறுவனத்தையே நான் பரிந்துரைப்பேன். அறக்கட்டளையில் அதிகாரம் அறங்காவலர்களிடமே தங்கிவிடும்; சங்கத்துக்குக் குறைந்தது 7 பேர் வேண்டும், தேர்தல் தகராறுகள் சேவையை விழுங்கிவிடுவதும் உண்டு. பிரிவு 8 நிறுவனத்தில் கணக்குத் தணிக்கை கட்டாயம் என்பதால், மானியம் தருவோருக்கும் மருத்துவமனைகளுக்கும் நம்பிக்கை எளிதில் வரும். ஆண்டுதோறும் ஆடிட்டருக்கான செலவு இருக்கும். உறுப்பினர் கட்டணத்தை ரசீதுடன் வாங்கி அதைச் சமாளிக்கலாம். மாட்டுத்தாவணித் தளம் இப்போது வேண்டாம். கல்லூரிக் கருத்தரங்கக்கூடம் கிடைக்கிறவரை வாடகைச் சுமையை ஏற்காதீர்கள்.

அரசு மருத்துவரும் நீங்களும்

தமிழ்நாட்டில் அரசு மருத்துவர்கள் பணி நேரத்துக்கு வெளியே தனியே சிகிச்சை பார்க்கலாம் என்பதால், நிறுவனமும் நடத்தலாம் என்று உங்கள் நண்பர் நினைக்கிறார் போலும். இரண்டும் வேறு. 1973 ஆம் ஆண்டின் அரசு ஊழியர் நடத்தை விதிகளின்படி, முன் அனுமதியின்றி வணிகத்தில் ஈடுபட முடியாது. மனைவியின் பெயரில் பங்கு எழுதுவது அவரைக் காப்பாற்றாது. மாறாக, மறைக்க முயன்றார் என்பதற்கு அதுவே ஆவணமாகிவிடும். அவர் பணிபுரியும் மருத்துவமனையே நாளை அந்தக் கருவியை வாங்குமானால் நிலைமை இன்னும் மோசமாகும். அவர் ஊதியமின்றி, எழுத்தில் துறை அனுமதி பெற்று, ஆலோசகராக மட்டும் இருக்கட்டும். இன்னொன்று: கருவியைப் பரிந்துரைக்கும் மருத்துவர்களுக்கு விற்பனையில் ஒரு சதவீதம் தரலாம் என்ற யோசனையும் உங்கள் கடிதத்தில் ஓரிடத்தில் வருகிறது. 2002 ஆம் ஆண்டின் மருத்துவத் தொழில்நெறி ஒழுங்குமுறைகள் கமிஷன் பெறுவதை வெளிப்படையாகத் தடை செய்கின்றன. மருத்துவர் தன் நேரத்தைச் செலவிட்டு வடிவமைப்புக்கு உதவினால், அதற்கு நியாயமான ஆலோசனைக் கட்டணத்தை ஒப்பந்தம் போட்டுத் தரலாம். எத்தனை கருவி விற்றது என்பதோடு அந்தத் தொகையை இணைக்கவே கூடாது.

கடைசியாக, நீங்கள் போகிறபோக்கில் குறிப்பிட்டிருக்கும் ஒன்று. அடுத்த ஆண்டு நீங்களே ஒரு நிறுவனம் தொடங்கப் போகிறீர்கள். அது தவறே இல்லை. ஆனால் மாணவர்கள் தங்கள் யோசனைகளை உங்களை நம்பி உங்களிடம்தான் முதலில் சொல்கிறார்கள். நாளை உங்கள் தயாரிப்பு அவற்றில் ஒன்றைப் போலிருந்தால், மாணவியின் கருவி குறித்து இன்று நீங்கள் எழுப்பும் கேள்வியை உங்களைப் பார்த்து ஒருவர் எழுப்புவார். எனவே நிர்வாகிகள் ஒவ்வொருவரும் தமக்கு எந்த நிறுவனத்தில் பங்கு, எந்தத் துறையில் திட்டம் என்பதை எழுதும் பதிவேடு ஒன்றை உடனே தொடங்குங்கள். உங்கள் திட்டத்தைத் தேதியுடன் அதில் முதல் ஆளாகப் பதியுங்கள். அந்தத் துறை சார்ந்த யோசனையோடு யாராவது வந்தால், அவர் பேசத் தொடங்குமுன் அதைச் சொல்லிவிட்டு விரிவுரையாளரிடம் அனுப்பிவிடுங்கள். பதிவேட்டை உறுப்பினர் எவர் கேட்டாலும் பார்க்கலாம் என்பதைப் பிரிவு 8 நிறுவனத்தின் அமைப்பு விதிகளிலேயே எழுதச் சொல்லுங்கள். பதிவுக்குப் பிறகு சேர்ப்பதைவிட இப்போதே சேர்ப்பது எளிது.